வலியைத் தேடிய டாக்டர்
கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட்

சூடான இரும்பில் விரல் பட்டால் கை தானாக விலகிக்கொள்கிறது. தாராவியில் தோல் பட்டறையிலும் தையல் மெஷினிலும் உழைப்பவர்களின் விரல்களைக் காப்பாற்றுவது அந்த வலிதான். அதன் அருமையை உலகுக்கு உணர்த்தியவர் டாக்டர் பால் பிராண்ட்.

இவர் வெள்ளைக்காரர், ஆனால் தமிழ் மண்ணில் பிறந்தவர். 1914-ம் ஆண்டு ஜூலை 17-ந்தேதி கொல்லிமலையில் பிறந்தார். பெற்றோர் பாதிரிமார். 9 வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-ல் தந்தை ஜெஸி பிராண்ட் கொல்லிமலையிலேயே காய்ச்சலில் இறந்தார்.

தச்சு வேலை

பள்ளிப்படிப்பு முடிந்ததும் பிராண்ட் கட்டிட வேலைக்குப் போனார். கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றார். அதன் பிறகே லண்டனில் டாக்டருக்குப் படித்தார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை சென்றார். அங்கே விரல் மடங்கிய நோயாளி ஒருவரிடம், தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். அது இரும்புப்பிடியாக இருந்தது! சில தசைகள் செத்தாலும் மற்றவை நல்ல பலத்தோடு இருப்பது தெரிந்தது. நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலோடு இணைத்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

விரல்கள் போனது எப்படி?

தொழுநோய் விரல்களைத் தின்கிறது என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் நம்பவில்லை. துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் எளிதாகத் திறந்தான். அவன் விரல் எலும்புவரை வெட்டுப்பட்டிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. இரவில் தூங்கும்போது எலி கடித்தும் விரல்கள் போயின. கிருமி கெடுப்பது நரம்பை. விரலைப் பறிப்பது வலி தெரியாமல் படும் காயம். இதுவே அவர் கண்ட உண்மை.

வேலூரில் நவஜீவ நிலையத்தைத் தொடங்கினார். கை சரியானவர்களுக்கு அங்கே தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். வீடு திரும்புவோருக்கு எலியைப் பிடிக்கப் பூனையும் கொடுத்தனுப்பினார்.

பேசும் கையுறை

1966-ல் அமெரிக்காவில் கார்வில் ஆஸ்பத்திரிக்குச் சென்றார். உணர்ச்சியற்ற கைக்கு ஒரு கையுறை செய்ய முயன்றார். அழுத்தம் அதிகமானால் அது ஒலி எழுப்பும். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. விளக்கு எரிய வைத்தார்; அதற்கும் பலன் இல்லை. அக்குளில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். வேலை நடக்கவேண்டுமே என்று சுவிட்சை அணைத்துவிட்டு வேலையை முடித்தார்கள்! பல ஆண்டு முயற்சி கைவிடப்பட்டது. அணைக்க முடியாததாக இருப்பதே வலியின் பெருமை என்பது புரிந்தது.

பிராண்ட் 2003 ஜூலை 8-ந்தேதி அமெரிக்காவில் காலமானார்.

அவர் விட்ட இடத்திலிருந்து ஆராய்ச்சி நடந்து வருகிறது. கை இழந்தவரின் செயற்கை விரல் ஒரு பொருளைத் தொட்டதும், தோளுக்குக் கீழே மிஞ்சியுள்ள நரம்புக்கே மின்துடிப்பு அனுப்பும் முறையை 2014-ல் ஐரோப்பிய, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். முட்டையை உடைக்காமல் பிடிப்பதற்குக்கூட இந்த உணர்ச்சி தேவை.

செயற்கை உணர்ச்சிக்குச் செலவு அதிகம். இயற்கை உணர்ச்சியைக் காப்பது எளிது. தோலில் தொடுஉணர்வு இல்லாத தேமல் கண்டால் உடனே டாக்டரிடம் காட்டவேண்டும். தொழுநோய்க்கு அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்து இலவசம். மாட்டுங்காவை அடுத்த வடாலாவில் ஆக்வொர்த் ஆஸ்பத்திரி 1890-லிருந்து இந்த நோய்க்கென்றே இருக்கிறது. உழைப்பவனுக்குக் கையே மூலதனம். அதற்குக் காவல் வலி.