தடையைத் தாண்டி வந்த மெட்டு

சிங்கப்பூரில் பள்ளிக்கூடம் போனவங்க எல்லாருக்கும் அந்தப் பாட்டு தெரியும். தமிழர், சீனர், மலாய்க்காரர் என்ற பேதமில்லாமல் பிள்ளைகள் ஒன்றாக நின்று பாடும் தேசிய கீதம் அது. ஆனா, அதை எழுதி மெட்டமைத்தவர் ஒரு சினிமா இசையமைப்பாளர்னு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர்தான் ஸுபிர் சையத். 1907-இல் சுமத்ராவின் புக்கிட்டிங்கியில் பிறந்தவர். இசை சமயத்துக்கு ஆகாது என்பது அப்பாவின் கருத்து. மகனுக்கோ இசைதான் உயிர். எண்களில் இசைக்குறிப்பு எழுதும் முறையைப் பள்ளித் தோழர் ஒருவரிடம் கற்றுக்கொண்டார். 1928-இல், 21 வயதில், அப்பாவின் விருப்பத்தை மீறிச் சரக்குக் கப்பலேறி சிங்கப்பூர் வந்துவிட்டார்.

பெரிய இசைக்கல்லூரி எதிலும் அவர் படிக்கலை. பங்சாவான் நாடகக் குழுவில் சேர்ந்து வாசித்தார். பிறகு இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை. வயலின், பியானோ எல்லாம் வேலையோடு வேலையாகக் கற்றதுதான். போர்க்காலத்தைச் சொந்த ஊரில் கழித்து 1947-இல் திரும்பினார். ஷா சகோதரர்களின் மலாய்ப் படங்களுக்கும், அடுத்து கேத்தே-கெரிஸ் நிறுவனத்தின் படங்களுக்கும் இசை தந்தார். 'டாங் அனோம்' படத்தின் இசை 1962-இல் ஆசியத் திரைப்பட விழாவில் விருது பெற்றது.

சினிமாப் பாட்டு சாதாரண மக்கள் வாயில் நிற்கணும். அந்தப் பழக்கம் 1958-இல் அவருக்குக் கைகொடுத்தது. புதுப்பிக்கப்பட்ட விக்டோரியா அரங்கத்தின் திறப்பு விழாவுக்கு நகராண்மைக் கழகம் அவரிடம் ஒரு பாட்டு கேட்டது. எல்லா இனத்தவருக்கும் பாட வரணுமே! எளிய மலாய்ச் சொற்களையே தேர்ந்தெடுத்தார். மொழி சரியா இருக்கணும்னு எழுத்தாளர் முகமது ஆரிப் அகமதுவிடம் ஆலோசனையும் கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் 'மாஜுலா சிங்கப்பூரா'. 1959-இல், சற்றுச் சுருக்கப்பட்டு, மாநில கீதமானது. 1965-இல் சிங்கப்பூர் தனி நாடானபோது தேசிய கீதமாயிற்று.

பேரும் புகழும் வந்த பிறகும் வீட்டில் மாணவர்களுக்கு இசை சொல்லிக்கொடுத்து எளிமையாகவே வாழ்ந்தார். 1987-இல், 80 வயதில் காலமானார்.

இன்று சிங்கப்பூரின் கலைப்பள்ளி நிற்கும் சாலைக்கு அவர் பெயர்தான். இசையே வேண்டாம் என்று தடுக்கப்பட்ட பையனின் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகள் அங்கே இசை படிக்கப் போறாங்க. தம்பி தங்கைகளே, திறமை இருந்தும் வாய்ப்பில்லைனு சோர்ந்துபோகும்போது இவரை நினைச்சுக்குங்க. கிடைத்த வேலையையே அவர் பள்ளிக்கூடமாக்கிக்கொண்டார்.