ராணியைக் கோட்டைவிட்டது புரோகிராமா, டூரிங்கா? 1952-ல் நடந்த விநோத செஸ் ஆட்டம்

ஜெகதாப்பட்டினம் கரையில் நின்று பார்த்தால், தொடுவானத்தைத் தாண்டிப் போன விசைப்படகு தெரியாது. படகு காணாமல் போய்விடவில்லை; நம்ம கண் அவ்வளவு தூரம் எட்டவில்லை, அவ்வளவுதான். செஸ் ஆடும் கம்ப்யூட்டர்கள் சில நேரம் அசட்டுத்தனமாகக் காயைப் பறிகொடுப்பதற்கும் இதுதான் காரணம். அதற்குத் தொடுவான விளைவு என்றே பெயர். அந்தப் பெயர் வரும் முன்பே அதில் சிக்கியவர் ஆலன் டூரிங்.

யார் இந்த டூரிங்?

கம்ப்யூட்டர் அறிவியலின் தந்தை எனக் கொண்டாடப்படும் இவர், 1912 ஜூன் 23-ல் லண்டனில் பிறந்தார். ஆனால் அம்மா எத்தல் சாரா பிறந்தது நம்ம போத்தனூரில்! தாத்தா மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். அப்பா மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. பெற்றோர் இங்கே இருக்க, பிள்ளைகள் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்திடம் வளர்ந்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் எனிக்மா குறியீட்டை உடைத்ததில் டூரிங்குக்குப் பெரும் பங்கு உண்டு. போர் முடிந்ததும், 1948-ல் நண்பர் சாம்பர்னோனுடன் சேர்ந்து ஒரு செஸ் புரோகிராமை உருவாக்கினார். அதை ஓட்டத்தான் கம்ப்யூட்டர் இல்லை. மனிதர் விடவில்லை. 1952-ல் கணினி விஞ்ஞானி அலிக் கிளென்னியை எதிரே உட்கார வைத்து, தானே கம்ப்யூட்டராக மாறி, பேப்பரில் கணக்குப் போட்டு ஆடினார். ஒரு நகர்வுக்குச் சுமார் அரை மணி நேரம் ஆனது.

29-வது நகர்வில் வந்தது வினை. வெள்ளை ராணி, கண்ணில் பட்ட சிப்பாயை வெட்டியது. அதே வரிசையில் ராணிக்குப் பின்னால் வெள்ளை ராஜா நிற்கிறார். கறுப்பு யானை எதிரே வந்து நின்றதும் ராணி நகர வழியில்லை. யானையை வெட்டலாமே என்றால், அதற்கு இன்னொரு யானை காவல். ஆட்டம் குளோஸ்!

புரோகிராம் தன் நகர்வையும் எதிராளியின் பதிலையும் பார்க்கும். அதற்கு மேல் வெட்டு போன்ற முக்கிய நகர்வுகளை மட்டும்தான் தொடரும். யானை வந்து நின்றது வெட்டு இல்லையே! கணக்கில் ஒரு சிப்பாய் லாபம் மட்டுமே தெரிந்தது.

அதே 1952-ல், தன்பாலின உறவுக்காக டூரிங் தண்டிக்கப்பட்டார். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் சிகிச்சையை ஏற்க வேண்டியிருந்தது. 1954 ஜூன் 7-ல் சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41 தான். அரச மன்னிப்பு வந்தது 2013-ல்.

பிற்காலத்தில் அந்த புரோகிராமை மீண்டும் உருவாக்கி கம்ப்யூட்டரில் ஓட்டினார்கள். 2012-ல் காஸ்பரோவ் அதை 16 நகர்வுகளில் வீழ்த்தினார். அதைவிட சுவாரஸ்யம், டூரிங் பேப்பரில் ஆடிய பல நகர்வுகளை இது தேர்ந்தெடுக்கவில்லை. கணக்குப் போட்டு அலுத்து, நடுவில் குறுக்கு வழியில் போய்விட்டாரோ என்ற சந்தேகம் கிளம்பியது. முதல் நகர்விலேயே இரண்டும் ஒத்துப்போகவில்லை.