முப்புரிக் கயிறு கண்ட மேதை

சென்ற பிசான அறுவடையில் என் தந்தையின் காலில் அரிவாள் பட்டுவிட்டது. நாள்பட ஆறாத அப்புண்மீது மருத்துவர் மெல்லிய படலம் ஒன்றை ஒட்டினார். கொலாஜன் என்னும் புரதம் என்றார். வகுப்பில் கேட்ட பெயரை வீட்டுத் திண்ணையில் கண்ட அன்றுதான், ஜி. என். இராமச்சந்திரனின் வாழ்வைத் தேடிப் படித்தேன்.

1922 அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் பயிலச் சென்றவரை இயற்பியலுக்கு ஈர்த்தவர் சர் சி. வி. இராமன். கேம்பிரிட்ஜில் ஆய்வு முடித்துத் திரும்பி, 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். அப்போது அவருக்கு அகவை ஏறத்தாழ 30தான்.

தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு வலுவூட்டும் கொலாஜனின் அமைப்பு அன்று புதிராக இருந்தது. கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ் கதிரைச் செலுத்தி ஆராய்ந்த அவரும் கோபிநாத் கர்த்தாவும், மூன்று புரிகளை முறுக்கிக் கயிறு திரிப்பதுபோல் மூன்று புரதச் சங்கிலிகள் பின்னியிருப்பதை 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர்.

பாராட்டோடு மறுப்பும் வந்தது. அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று இங்கிலாந்தில் கிரிக், ரிச் இருவரும் குறை கூறினர். இராமச்சந்திரன் சினந்து ஒதுங்கவில்லை. அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று அளக்கத் தொடங்கினார். அதன் பயனே, சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட இராமச்சந்திரன் வரைபடம். எந்நாட்டில் புரத அமைப்பைக் கண்டறிந்தாலும் இன்றும் அவ்வரைபடத்தில் வைத்தே சரிபார்க்கின்றனர். 1977இல் இலண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. இறுதி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோயால் வாடி, 2001 ஏப்ரல் 7இல் மறைந்தார்.

உயிரணுவுக்குக் கண் இல்லை. தடவியே சூழலை அறிகிறது. அதன் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்னும் புரதங்கள் கைகளைப்போல் நீண்டு, கொலாஜன் கயிற்றின் குறிப்பிட்ட இடங்களைப் பற்றுகின்றன. நகரவும் பெருகவும் அணுவுக்குச் செய்தி தருவதில் அப்பிடிக்குப் பங்குண்டு. இன்று அறிவியலார் அணுவின் மேற்பரப்பையே திருத்தி, அது சூழலை இன்னும் நன்கு உணரும்படி செய்ய முயல்கின்றனர். பற்றும் கையைத் திருத்த விரும்புவோர், பற்றப்படும் கயிற்றையும் அறிந்திருக்க வேண்டுமல்லவா?

தந்தையின் புண் ஆறிவிட்டது. மீண்டும் பொருநைக் கரை வயலில் இறங்கிவிட்டார். தோழர்களே, செய்முறை ஏட்டில் சிவப்பு மை விழும்போதெல்லாம் கல்லூரியின் முதற்படி ஏறிய குடும்பத்துப் பிள்ளையான நான் மனம் ஒடிவதுண்டு. இனி ஒடியமாட்டேன், மீண்டும் அளந்து பார்ப்பேன்.