கீரையும் மாமைட்டும் சொன்ன விடை: டொக்டர் லூசி வில்ஸ்

கடந்த வருடம் என் ராத்தா முதற்பிள்ளையைச் சுமந்தபடி நுகேகொடையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கிளினிக்கில் கொடுத்த சிறிய மஞ்சள் மாத்திரைகளை அவர் லாச்சிக்குள் ஒளித்து வைத்திருப்பதை ஒருநாள் கண்டேன். வாந்தி வருகிறது, உம்மாவிடம் சொல்லாதே என்று கெஞ்சினார். நானும் சொல்லவில்லை. அந்த வாரம் உயர்தர உயிரியல் பாடத்துக்காக பிரிமிடீன் மூலங்களை மனனம் செய்துகொண்டிருந்தேன். அந்த மாத்திரைக்கும் என் பாடத்துக்கும் தொடர்புண்டு என்பது எனக்குத் தெரியாது. அதை எனக்கு உணர்த்தியது லூசி வில்ஸ் என்ற பெண்மணியின் வாழ்க்கை.

1888இல் இங்கிலாந்தில் பேர்மிங்ஹாமுக்கு அருகே பிறந்தவர் லூசி. கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் மகளிர் கல்லூரியில் தாவரவியலும் புவிச்சரிதவியலும் கற்று 1911இல் படிப்பை முடித்தார். ஆனால் அக்காலத்தில் அப்பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்குவதில்லை. 1913இல் சகோதரியை இழந்த துயரத்தோடு தாயாருடன் நம் இலங்கைக்கும் வந்து சென்றார். பின்னர் இலண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1920இல் மருத்துவரானார்.

1928இல் அவர் பம்பாய் சென்றார். அங்கே கர்ப்பிணிகள் பலர் கடுமையான குருதிச்சோகையால் இறந்துகொண்டிருந்தனர். லூசி அவர்களுடைய இரத்தத்தைப் பார்த்ததோடு நிற்கவில்லை. அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்றும் ஆராய்ந்தார். வறிய முஸ்லிம் பெண்களின் உணவே மிகக் குறைபாடுள்ளதாக இருந்தது. நோயும் அவர்களிடமே அதிகம் காணப்பட்டது. கிருமியைத் தேடிய கண்கள் உணவுத் தட்டின் பக்கம் திரும்பின.

1929இல் நீலகிரியிலுள்ள குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931இல் சென்னையில் கோஷா பெண்களுக்கென்று ஏற்பட்ட மருத்துவமனையிலும் அவரது ஆய்வு தொடர்ந்தது. எலிகளில் செய்த பரிசோதனை, பேன் பரப்பிய வேறொரு தொற்றினால் குழம்பிப் போனது. அவர் சோர்ந்துவிடவில்லை. பம்பாய்ப் பெண்களின் உணவைப் போன்றதையே குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோயுற்ற குரங்கொன்றுக்கு மலிவான மதுவச் சாறான மாமைட்டைக் கொடுத்ததும் அது தேறியது. நாம் பாணில் பூசிச் சாப்பிடும் அதே மாமைட்தான்! நோயுற்ற தாய்மாரும் அதனால் குணமடைந்தனர். 1931இல் அந்த முடிவுகளை வெளியிட்டார்.

மாமைட்டில் இருந்த மருந்து எது? 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு பொருளுக்கு, இலை என்னும் பொருள்தரும் லத்தீன் சொல்லிலிருந்து போலிக்கமிலம் என்று பெயரிட்டனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு, 1945இல் அமெரிக்காவில் அதைச் செயற்கையாகத் தயாரித்தது.

இங்கேதான் என் பாடம் வருகிறது. நம் கலங்கள் குளுற்றமைன், அஸ்பாட்டிக் அமிலம், இருகாபனேற்று ஆகியவற்றைக் கொண்டு பிரிமிடீன் வளையத்தைத் தாமே கட்டுகின்றன. அவ்வழியில் முதலில் கிடைப்பது யுராசில் வகை. சைற்றோசின் அதிலிருந்து உருவாகிறது. தைமின் உருவாக வேண்டுமானால் யுராசில் வகையோடு ஒரு மெதைல் கூட்டம் சேர வேண்டும். அந்தக் காபனைச் சுமந்து வந்து கொடுப்பது போலிக்கமிலத்தின் வேலை. அது இல்லாவிட்டால் தைமின் குறையும், டி.என்.ஏ.யில் தைமினின் இடத்தில் யுராசில் புகுந்துகொள்ளும். கலம் அதை வெட்டி வெட்டித் திருத்தி, இழையே அறுந்துபோகும். என்பு மச்சையில் செங்குழியமாக வேண்டிய கலங்கள் பிரிய முடியாமல் வீங்கி நிற்கும். லூசி கண்ட சோகை இதுதான். பழைய பிரிமிடீன்களைக் கலம் ஈரலில் உடைத்து, நீரில் எளிதில் கரையும் சிறு பொருள்களாகவும் அமோனியாவாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றிவிடுகிறது. சேமித்து வைப்பதில்லை, எனவே வளரும் குழந்தைக்காக ஓயாமல் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது.

1947இல் ஓய்வுபெற்ற பின்னரும் லூசி ஜமெய்க்கா, பிஜி, தென்னாபிரிக்கா என்று ஊட்டச்சத்து ஆய்வுக்காகச் சென்றுகொண்டிருந்தார். 1964இல் காலமானார். திருமணம் செய்துகொள்ளாத அவரால் முகமறியாத தாய்மார் எத்தனையோ பேர் பிழைத்தார்கள்.

இதைப் படித்து முடித்த இரவே ராத்தாவிடம் போய்க் கதையைச் சொன்னேன். பம்பாயில் நம்மைப் போன்ற பெண்கள் இறந்ததைக் கேட்டபோது அவர் பேசாமல் லாச்சியைத் திறந்தார். மறுநாள் உம்மாவிடமும் கிளினிக்கில் மருத்துவ மாதுவிடமும் உண்மையைச் சொன்னார். யாரும் ஏசவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப்போகும் நேரத்தில் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள்; வாந்தி வரவில்லை. மாமைட்டும் கீரையும் நல்லவைதான், ஆனால் அவற்றை மாத்திரைக்குப் பதிலாகக் கொள்ளக் கூடாது என்றும் விளக்கினார்கள்.

இன்று மருமகனுக்கு நான்கு மாதம். அவனைத் தூக்கும்போதெல்லாம், நான் மௌனமாக இருந்த அந்த வாரம் நினைவுக்கு வருகிறது. தோழியரே, பாடத்தில் படிப்பதை நம் வீட்டு லாச்சியோடும் சேர்த்துப் பாருங்கள். லூசி வில்ஸ் செய்ததும் அதுதான்.