ஜோர்ஜ் யூஜேன் ஓஸ்மான்

ஜோர்ஜ் யூஜேன் ஓஸ்மான் (மார்ச் 27, 1809 – ஜனவரி 11, 1891) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த அரசு நிர்வாகி ஆவார். பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியில், பிரான்சின் தலைநகரான பாரிசைப் பெருமளவில் இடித்து மீண்டும் கட்டிய திட்டத்திற்குத் தலைமை வகித்தவர். இவர் கட்டடக் கலைஞரோ பொறியியலாளரோ அல்லர், சட்டம் பயின்றவர். இன்றைய பாரிசின் அகன்ற சாலைகளும் ஒரே சீரான கல் கட்டடங்களும் பெரும்பாலும் இவரது பணியின் விளைவே ஆகும்.

இளமையும் தொடக்கப் பணியும்

ஓஸ்மான் பாரிசில் ஒரு புரட்டஸ்தாந்து குடும்பத்தில் பிறந்தார். இவரது முன்னோர் அல்சாசு பகுதியைச் சேர்ந்தவர்கள். சட்டத்துடன் இசையும் பயின்றார். 1830களில் அரசுப் பணியில் சேர்ந்து, பின்னர் வார், யோன், ஜிரோந்து ஆகிய மாவட்டங்களின் ஆட்சியராக இருந்தார். 1853 ஜூனில் பாரிஸ் அடங்கிய செய்ன் மாவட்டத்தின் ஆட்சியராக நியமிக்கப்பட்டார்.

அக்காலப் பாரிஸ்

அப்போது பாரிசில் ஏறக்குறைய பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். நகரின் நடுப்பகுதி, வெளிச்சமும் காற்றும் புகாத குறுகிய தெருக்களால் நிறைந்திருந்தது. குடிநீரின் ஒரு பகுதி, கழிவுகள் கலந்த செய்ன் ஆற்றிலிருந்தே பெறப்பட்டது. 1832, 1849 ஆகிய ஆண்டுகளில் பரவிய வாந்திபேதி பல்லாயிரம் உயிர்களைப் பலி கொண்டது. 1830, 1848 புரட்சிகளின்போது மக்கள் இக்குறுகிய தெருக்களில் தடையரண்கள் அமைத்துப் படைகளை எதிர்த்தனர். எனவே, புதிய சாலைகளின் நோக்கம் சுகாதாரமா, போக்குவரத்தா, கிளர்ச்சிகளை அடக்குவதா என்பது வரலாற்றாளரிடையே விவாதத்திற்குரியது. இம்மூன்றுமே திட்டத்தில் இடம்பெற்றிருந்தன எனலாம்.

நகர மறுசீரமைப்பு

ரிவோலி சாலை நீட்டிக்கப்பட்டது. செபஸ்தபோல், சான் மிசேல் முதலிய பெருஞ்சாலைகள் நகரை வடக்கு தெற்காக ஊடறுத்துச் சென்றன. வெற்றி வளைவைச் சுற்றிலும் 12 சாலைகள் சந்திக்கும் வட்டம் உருவானது. நகரின் தொன்மையான பகுதியாகிய சித்தே தீவில் இருந்த குடியிருப்புகளில் பெரும்பாலானவை அகற்றப்பட்டன. 1860இல் சுற்றுப்புற ஊர்கள் நகருடன் இணைக்கப்பட்டு, நகர வட்டாரங்கள் 12இலிருந்து 20 ஆயின.

பொறியாளர் பெல்கிரான் தொலைதூர ஊற்றுகளிலிருந்து நீர் கொணரும் கால்வாய்களையும் பரந்த நிலத்தடிக் கழிவுநீர் வலையமைப்பையும் அமைத்தார். அல்பான் பூங்காக்களை உருவாக்கினார். பால்தார் இரும்பாலும் கண்ணாடியாலும் மத்திய சந்தையைக் கட்டினார்.

புதிய சாலையோரக் கட்டடங்களின் உயரம் சாலையின் அகலத்திற்கேற்ப வரையறுக்கப்பட்டது. தரைத்தளத்தில் கடைகளும், அதற்கு மேல் வசதி படைத்தோரின் வீடுகளும், கூரையடியில் பணியாளர்களின் சிற்றறைகளும் அமைந்தன.

சமூக விளைவுகள்

கட்டாய நிலக் கையகப்படுத்தலில் வீட்டு உரிமையாளர்கள் தாராளமாக இழப்பீடு பெற்றனர். ஆனால் வாடகைக்குக் குடியிருந்த ஏழைத் தொழிலாளருக்கு மாற்று வீடு வழங்கப்படவில்லை. நடுப்பகுதியில் வாடகை உயர்ந்ததால் அவர்களில் பலர் பெல்வில் போன்ற கிழக்கு, வடக்கு ஓரப்பகுதிகளுக்குச் சென்றனர். முன்னர் ஒரே கட்டடத்தின் வெவ்வேறு தளங்களில் செல்வரும் ஏழையரும் வாழ்வது வழக்கமாக இருந்தது. பின்னர் நகரமே செல்வர் வாழும் மேற்கு, தொழிலாளர் வாழும் கிழக்கு எனப் பிரிந்தது. அதே வேளையில், இடிப்பும் கட்டுமானமும் பல்லாயிரம் தொழிலாளருக்கு வேலை அளித்தன.

பதவி நீக்கம்

திட்டத்திற்குச் சுமார் 250 கோடி பிராங்குகள் செலவாயின. பெரும்பகுதி கடனாகத் திரட்டப்பட்டது. நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றியும் கடன் பெறப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஜூல் பெர்ரி இக்கணக்குகளைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். 1870 ஜனவரியில் ஓஸ்மான் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் பேரரசும் வீழ்ந்தது. ஆயினும் தொடங்கிய பணிகள் குடியரசு ஆட்சியிலும் தொடர்ந்தன.

இறுதிக் காலம்

1877 முதல் 1881 வரை கோர்சிகாவின் பிரதிநிதியாக நாடாளுமன்றத்தில் இருந்த ஓஸ்மான், பின்னர் மூன்று தொகுதிகளாகத் தம் நினைவுக் குறிப்புகளை எழுதினார். 1891இல் பாரிசில் காலமாகி, பேர் லசேஸ் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். இவரது பெயரைத் தாங்கிய பெருஞ்சாலை, இவர் இறந்து 36 ஆண்டுகளுக்குப் பின்னர் 1927இல் முழுமை பெற்றது.