கண்மாய் வண்டுக்குப் பெயர் வைத்த டென்மார்க்காரர்: யார் இந்த ஃபப்ரீசியஸ்?

ஐப்பசி, கார்த்திகை மழையில் வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் சேர்ந்தால் போதும், எங்கிருந்தோ பறந்து வந்து இறங்கிவிடும் நீர்வண்டுகள். ராத்திரி நேரத்தில் விளக்கு வெளிச்சத்தைத் தேடி வந்து விழுவதும் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாமே ஒரே தண்ணிப்பூச்சிதான். ஆனால், ஒரே கண்மாயில் முங்கி முங்கி எழும் வண்டுகளில் பல இனங்கள் இருக்கும். இந்தியாவில் காணப்படும் இத்தகைய வண்டுகள் சிலவற்றுக்கு இன்றைக்கும் உலகம் முழுக்க வழங்கும் அறிவியல் பெயரை வைத்தவர், இந்தியாவுக்கே வராத யோஹான் கிறிஸ்டியன் ஃபப்ரீசியஸ்.

1745 ஜனவரி 7-ல் டென்மார்க் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த டொண்டர் என்ற சிறிய ஊரில், ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். 1762-ல் சுவீடனின் உப்சாலாவுக்குப் போய், உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸிடம் இரண்டு ஆண்டுகள் படித்தார். குருவோ பூச்சிகளைப் பெரும்பாலும் சிறகை வைத்துப் பிரித்தவர். சீடன் வாயைத் திறந்து பார்த்தார். ஒரு பூச்சி எதை, எப்படித் தின்கிறது என்பது அதன் வாயுறுப்பில் இருக்கிறது, வகைப்பாட்டையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1775-ல் வெளியான அவருடைய முதல் பெரிய நூல் அந்த அடிப்படையில் எழுந்ததுதான். அதே ஆண்டு கீல் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இயற்கை வரலாற்றோடு பொருளாதாரமும் அவர் கற்பிக்க வேண்டிய பாடம். மனசு என்னவோ பூச்சிகளிடம்தான் இருந்தது. வாழ்நாளில் அவர் பெயரிட்ட இனங்கள் ஏறக்குறைய 10,000.

கீலில் உட்கார்ந்திருந்தவருக்குத் தமிழ்நாட்டுப் பூச்சிகள் எப்படிக் கிடைத்தன? வழி, தரங்கம்பாடி. அது அப்போது டேனிஷ்காரர்களின் துறைமுகம். 1768-ல் அங்கே மிஷன் மருத்துவராக வந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக்கும் லின்னேயஸின் மாணவரே. செடி கொடிகளோடு பூச்சிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1785-ல் அவர் காலமான பின், டால்டார்ஃப் என்ற டேனிஷ் ராணுவ அதிகாரி தரங்கம்பாடியிலிருந்து பூச்சிகள் சேகரித்தார். நம் பனையேறிக் கெண்டை பனைமரத்தில் ஏறியதைக் கண்டதாக எழுதி, ஐரோப்பியர்களை வியக்க வைத்தவரும் இதே டால்டார்ஃப்தான். ஃபப்ரீசியஸின் நூல்களில் பல இனங்களுக்குப் பக்கத்தில் தரங்கம்பாடியின் பெயரும் சேகரித்தவரின் பெயரும் இருக்கும்.

சரி, முக்குளிக்கும் வண்டை எப்படி அடையாளம் காண்பது? முதலில் உணர்கொம்பு. அது நூல்போல மெலிந்திருந்தால் முக்குளிப்பான். நுனி குண்டாந்தடிபோலப் பருத்திருந்தால், பெரும்பாலும் மக்கல்களைத் தின்னும் வேறொரு குடும்பத்து நீர்வண்டு. நீந்துவதிலும் வித்தியாசம் உண்டு. முக்குளிப்பான் இரண்டு பின்னங்கால்களையும் துடுப்புபோலச் சேர்த்து வலிக்கும். மற்றது கால்களை மாற்றி மாற்றிப் போடும். காற்று வாங்க மேலே வரும்போது முக்குளிப்பான் பின்பக்கத்தை நீட்டும், மற்றது தலையை நீட்டும். லின்னேயஸ் இந்த இரண்டு கூட்டத்தையும் டைட்டிஸ்கஸ் என்ற ஒரே பேரினத்தில் போட்டுவைத்திருந்தார். பிரெஞ்சுக்காரர் ஜியோஃப்ராய் 1762-ல் அதைப் பிரித்தார். ஃபப்ரீசியஸ் குருவின் பக்கம் சாயாமல் அந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டார்.

குடும்பத்தைச் சொல்வது எளிது, இனத்தைச் சொல்வதுதான் சிக்கல். ஆண் வண்டுகள் பலவற்றின் முன்னங்காலில் ஒட்டுறிஞ்சி வட்டுகள் இருக்கும். பெண்ணைப் பிடித்துக்கொள்ள உதவும் அவை பெண் வண்டுக்குக் கிடையாது. இதை அறியாதவர்கள் ஆணையும் பெண்ணையும் இரண்டு இனம் என்றே நினைத்துவிடலாம். நிறமும் ஏமாற்றும். ஃபப்ரீசியஸ் 1775-ல் பெயரிட்ட ஹைடாட்டிகஸ் விட்டாட்டஸ், கருப்பு முதுகில் மஞ்சள் கோடு உள்ள வண்டு. அந்தக் கோட்டின் அகலம் வண்டுக்கு வண்டு மாறும். அவருடைய விவரிப்புகளோ பெரும்பாலும் நிறத்தையும் வடிவத்தையும் சொல்லும் இரண்டு மூன்று லத்தீன் வரிகள். ஆயிரக்கணக்கான பூச்சிகளை ஒரே ஆள் எழுதும்போது வேறு வழியும் இல்லை. ஆனால், பின்னால் வந்தவர்களுக்கு அது பெரிய தலைவலியானது.

அதற்கு நல்ல உதாரணம் எரெட்டஸ். மணல் நிறத்தில் கரும்புள்ளிகள் தெளித்த, ஒன்றரை சென்டிமீட்டர் அளவிலான வண்டு. வெயிலில் வற்றிப்போகும் குட்டைகள்தான் அதற்குப் பிடித்த இடம். மளமளவென்று வளர்ந்து, தண்ணீர் சுண்டுமுன் பறந்துவிடும். லின்னேயஸ் 1767-ல் இதில் ஓர் இனத்துக்கு ஸ்டிக்டிகஸ் என்று பெயரிட்டார். 1781-ல் ஃபப்ரீசியஸ் கிரிசியஸ் என இன்னொன்றைத் தனியாகக் காட்டினார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்ததால், பிற்கால ஆய்வாளர்கள் பலர் கிரிசியஸை ஸ்டிக்டிகஸுக்குள் கரைத்துவிட்டார்கள். ஃபப்ரீசியஸின் வண்டு ஏறக்குறைய காணாமலே போனது.

அதைப் பார்க்க அவர் இல்லை. 1807-ல் பிரிட்டிஷ் கடற்படை கோபன்ஹேகனைக் குண்டுவீசித் தாக்கிய செய்தி எட்டியபோது பாரிஸில் இருந்தவர், ஊருக்குத் திரும்பினார். 1808 மார்ச் 3-ல் கீலில் இறந்தார். ஆனால் ஊசியில் குத்திய பூச்சிகள் தப்பின. அவர் ஆராய்ந்த மாதிரிகளில் பல கோபன்ஹேகன் விலங்கியல் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டன.

2002-ல் அமெரிக்க ஆய்வாளர் கெல்லி மில்லர் உலகெங்கும் உள்ள எரெட்டஸ் வண்டுகளை மறுபடி ஆராய்ந்தார். ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்து, அதன் வடிவத்தை ஒப்பிட்டபோது நான்கு இனங்கள் தெளிவாயின. அதில் ஒன்று கிரிசியஸ். 221 ஆண்டுகளுக்குப் பிறகு ஃபப்ரீசியஸ் வைத்த பெயர் திரும்பி வந்தது. இந்திய எரெட்டஸ் வண்டுகளைப் பற்றிய ஆய்வுகளில் இப்போது அந்தப் பெயர்தான் அதிகம் வருகிறது. கண்மாயில் கைபேசியில் எடுத்த படத்தை மட்டும் வைத்து, எரெட்டஸ் என்பது வரை சொல்லலாம். அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல ஓர் ஆண் வண்டும் நுண்ணோக்கியும் வேண்டும்.