உயிரணுவை ஆராய்ந்த ஜானகி அம்மாள்

தேவ்நாரை அடுத்துள்ள டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைந்துள்ளது. அணுவை ஆராயும் அந்நிறுவனத்தில், உயிரணுவை ஆராய்ந்த பெண்மணி ஒருவரும் சில காலம் பணியாற்றினார். அவரே எடவலத் கக்கத் ஜானகி அம்மாள்.

ஜானகி அம்மாள் 1897 ஆம் ஆண்டு நவம்பர் 4 ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலச்சேரியில் பிறந்தார். பெண்கள் உயர்கல்வி பெறுவது அரிதாக இருந்த காலம் அது. அவருடைய சகோதரியர் இல்லற வாழ்வை மேற்கொண்டனர். அவரோ கல்வியைத் தேர்ந்தெடுத்தார். சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931 ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார்.

1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தார். கரும்பை வேறு புல்லினங்களோடு கலந்து புதிய கலப்பினங்களை உருவாக்கினார். அவற்றின் உயிரணுக்களில் உள்ள குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்ப்பதே அவருடைய அன்றாடப் பணியாயிற்று.

குரோமோசோம்கள் மரபணுக்களைத் தாங்கும் நுண்ணிய இழைகள். ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும் முன் அவை இரட்டிப்பாகும். பிறகு நுண்ணிழைகளால் இருபுறமும் இழுக்கப்பட்டுச் சமமாகப் பிரியும். செங்காந்தள் செடியிலும் காணப்படும் கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருள் அந்நுண்ணிழைகள் உருவாகாமல் தடுக்கும். அதனால் இரட்டித்த குரோமோசோம்கள் ஒரே உயிரணுவில் தங்கிவிடும். இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்கு அம்மையார் இம்மருந்தை இட்டார். அவை தடித்த இதழ்களையுடைய மலர்களைத் தந்தன. அவற்றுள் ஒரு வகை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

செடிகள் இவ்விரட்டிப்பைத் தாங்கும். பாலூட்டிகளோ பெரும்பாலும் தாங்குவதில்லை. மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன என்பது 1956 ஆம் ஆண்டில் உறுதியானதும் கோல்ச்சிசினின் துணையால்தான். உயிரணு எப்போது பிரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதைச் சில மரபணுக்கள் கட்டுப்படுத்துகின்றன. அக்கட்டுப்பாடு குலைந்தால் உயிரணுக்கள் அளவின்றிப் பெருகும், அதுவே புற்றுநோய்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலண்டனில் தங்கி ஆராய்ந்த ஜானகி அம்மாள், டார்லிங்டன் என்னும் அறிஞரோடு இணைந்து, பயிர்களின் குரோமோசோம்களைத் தொகுத்துரைக்கும் நூலை 1945 ஆம் ஆண்டு வெளியிட்டார். 1951 ஆம் ஆண்டு, பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைத்தார். 1977 ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்.

டிராம்பேயிலிருந்து 1970 ஆம் ஆண்டு சென்னைக்குச் சென்ற அம்மையார், முதுமையிலும் ஓய்வை நாடவில்லை. கேரளத்தின் சைலண்ட் வேலிக் காட்டை அணைத்திட்டத்திலிருந்து காக்க, எண்பது வயதைக் கடந்த நிலையிலும் குரல் கொடுத்தார். 1984 ஆம் ஆண்டு பிப்ரவரி 7 ஆம் நாள் சென்னையை அடுத்த மதுரவாயலில் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அருஞ்சொற்பொருள்
உயிரணு – செல்
இல்லறம் – குடும்ப வாழ்வு
தாயகம் – பிறந்த நாடு

வினாக்கள்
1. கோல்ச்சிசின் உயிரணுப் பிரிதலில் செய்யும் மாற்றம் யாது?
2. ஜானகி அம்மாள் காக்க விரும்பிய காடு எது?